ஜெனரலின் காலர்

நஜ்மா, தோஹா
11 பிப்ரவரி 2005

அண்ணே,

நீங்கள் அனுப்பிய சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைக்கப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் மணல் நிற நூல். நான் முதலில் கவனித்தது அதைத்தான். பெருக்கல் குறியாக இழுக்காமல் இரண்டு கோடாக இழுத்து, பொத்தானுக்கு அடியில் நூலைச் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். கூலிக்குத் தைக்கிறவர் யாரும் அப்படிச் சுற்ற மாட்டார். போட்டுக்கொள்கிறவர் தானே உட்கார்ந்து தைத்தது போலிருக்கிறது. அது யார் அண்ணே?

மார்பில் ஒரு பக்கம் பெயர் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நின்ற இங்கிலீஷ் எனக்கு, எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஹாஸ்கெட். காலரில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம். நீங்கள் பிரிந்துவிட்டது என்று சொன்ன இறக்கைப் படத்தை மறுபடி தைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். இதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய சட்டைகளில் இறக்கைக்கு நடுவில் வெறும் கேடயம்தான் இருந்தது. இதில் கேடயத்தின் தலையில் ஒரு நட்சத்திரம், அந்த நட்சத்திரத்தைச் சுற்றி மாலை. நட்சத்திரத்துக்கு யாராவது மாலை போடுவார்களா?

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவர் கீழே தையற்கடையில் இருக்கும்போதுதான் நான் மேலே தைக்கிறேன். காதர் மைதீன் பாய் மூட்டையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, மணி அடித்துவிட்டு, நான் திறப்பதற்குள் இறங்கிவிடுகிறார். என் கூச்சம் அவருக்குத் தெரியும்.

போன ரமலானில் நீங்கள் கடையை விட்டுப் போனதிலிருந்து அப்பா உங்கள் பெயரைச் சொல்லவில்லை. போனில் உங்கள் குரல் கேட்டால் வைத்துவிடுகிறார். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

தாமரை


லேபர் கேம்ப்
16 பிப்ரவரி 2005

தாமரைக்கு,

பொத்தானைப் பார்த்து ஆளைக் கேட்கிறாய். நீ தையல்காரியா, போலீஸா? பாயிடம் சொன்னேன். “ஒந் தங்கச்சிய இங்க செக்யூரிட்டில சேத்து விட்றலாம்டா” என்றார்.

யாருடையது என்று தெரிந்தால் நீ ஊசியையே தொட மாட்டாய் என்றுதான் சொல்லவில்லை. அவர் ஜெனரல். இந்த அமெரிக்க விமானத் தளத்தில் நிற்கிற விமானம், அதை ஓட்டுகிறவன், எண்ணெய் நிரப்புகிறவன், சோறு வடிக்கிறவன் எல்லாரும் அவருக்குக் கீழே. அவர் ஓர் அறைக்குள் வந்தால் ஒருவன் கத்துவான். உடனே அத்தனை நாற்காலியும் ஒரே சத்தத்தில் பின்னால் போகும். முதல் தடவை தளத்துக்குள் இருக்கும் எங்கள் தையற்கடைக்கு அவர் வந்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் எழுந்து, பதற்றத்தில் என் மெஷினைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்குத் திரும்ப ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் போனார்.

மாலையைப் பற்றிக் கவுண்டரில் இருக்கும் சார்ஜென்ட் அம்மாவிடம் கேட்டேன். விமானம் ஓட்டப் பழகியவனுக்கு முதலில் வெறும் இறக்கைதானாம். பல வருஷம் ஓட்டினால் தலையில் நட்சத்திரம். அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் மாலை. நீ மாலையைத் தைத்தாய் என்றால் ஓர் ஆளின் பாதி ஆயுளைத் தைத்தாய் என்று வைத்துக்கொள்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். இவர் கோதுமை விளைகிற ஏதோ சின்ன ஊர்க்காரர். பதினெட்டு வயதில் சேரும்போது சட்டைக் கையில் பதவிக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. விமானத்துக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ முறுக்குகிற வேலை. தாய்லாந்தில் ஒரு தளம். அங்கே விமானத்தின் பக்கவாட்டில் பைலட் பெயரையும், அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் பெயரையும் பெயிண்டில் எழுதுவார்களாம். ஹாஸ்கெட் என்ற பெயர் முதலில் மெக்கானிக் இடத்தில் எழுதப்பட்டது. வேலை முடிந்து மாலையில் படித்து, அதிகாரியாகி, ஓட்டக் கற்றுக்கொண்டு, பல வருஷம் கழித்து அதே பெயரை வேறொரு விமானத்தில் பைலட் இடத்தில் எழுதினார்கள். அப்படி இரண்டு இடத்திலும் பெயர் எழுதப்பட்டவர்கள் மிகக் குறைவாம்.

நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டேன். மிதிக்க மறந்துவிட்டேன்.

சட்டை வெளியே வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. இங்கே யூனிஃபார்ம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். புதுப் படை வந்து இறங்கியிருக்கிறது, எங்களால் சமாளிக்க முடியவில்லை. அதனால்தான் சாப்பாட்டுக்கூடத் திரைச்சீலைகள் பாயின் வண்டியில் ட்ரை வாஷ் போகும் மூட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

அப்பா போனைப் பார்த்தால் பார்க்கட்டும். கடையை விட்டுப் போ என்று சொன்னது அவர். நான் இல்லை.

வைரவன்


நஜ்மா
22 பிப்ரவரி 2005

அண்ணே,

உங்கள் கடிதத்தை மடித்து வைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன்.

நேற்று துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். பெரிய விமானம் ஒன்று வடக்கே போனது. முன்பெல்லாம் விமானம் போனால் விமானம் போகிறது என்று மட்டும்தான் நினைப்பேன். நேற்று, அதன் பக்கத்தில் இரண்டு பெயர்கள் எழுதியிருக்கும் என்று நினைத்தேன். ஒருவர் மேலே போய்விடுகிறார். இன்னொருவர் அது திரும்பி வரும்வரை தரையில் நிற்க வேண்டும். திரும்பாவிட்டால்? அவர் மெக்கானிக்காக இருந்தபோது எங்கே நின்று காத்திருந்தார் என்று சார்ஜென்ட் அம்மாவுக்குத் தெரியுமா?

எங்கள் மேல்மாடியில் புதிதாக ஒரு பாக்தாத் குடும்பம் வந்திருக்கிறது. அந்த அம்மாவை உம் சலாம், அதாவது சலாமின் தாய், என்று கூப்பிடுகிறார்கள். சலாம் என்ற மூத்த மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறானாம். விமானச் சத்தம் கேட்டால் அவர் ஜன்னலைச் சாத்திவிடுகிறார். வெயில் நேரமானாலும் சாத்திவிடுகிறார். அண்ணே, அந்த விமானங்களைப் போகச் சொல்வதும் ஜெனரல்தானா?

இப்படிக் கேட்பது தப்பென்றால் பதில் எழுத வேண்டாம். ஆனால் அவரைப் பற்றி எழுதுங்கள். எவ்வளவு எழுதினாலும் வாசிப்பேன்.

தாமரை


லேபர் கேம்ப்
3 மார்ச் 2005

தாமரைக்கு,

நீ கேட்ட கடைசிக் கேள்வியை இங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆமாம், அவர்தான். அதோடு விடு.

காத்திருந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். சார்ஜென்ட் அம்மாவுக்கே ஆச்சரியம். “உன் சிஸ்டர் என்ன வேலை பார்க்கிறாள்?” என்றார். “வீட்டில் இருக்கிறாள்” என்றேன். ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு மண் மேடாம். மெக்கானிக்குகள் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்து, திரும்பி வருகிற விமானங்களை எண்ணுவார்களாம். இவர் எண்ணி முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டாராம். இப்போதும் கடைசி விமானம் இறங்கும் வரை அவர் அறையில் விளக்கு எரிகிறது. அதை நானே பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பிறகு ஜெர்மனி, கொரியா, துருக்கி என்று போயிருக்கிறார். குவைத் சண்டையில் இதே வளைகுடாவின் மேல் பறந்திருக்கிறார். அப்போது அவர் காலரில் நட்சத்திரம் கிடையாது, கர்னலுக்குரிய கழுகுதான். கழுகுக்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு என்று ஏறும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு மூன்றாவது நட்சத்திரம் வந்துவிட்டது. இங்கேயே விழா. முடிந்ததும் வேறு பெரிய பதவிக்குப் போய்விடுவார். நான்கு புதுச் சட்டை வந்திருக்கிறது. காப்டன் ஒருவன் அவர் கூடவே இருப்பான், அவருடைய சட்டை, பெட்டி எல்லாம் அவன் பொறுப்பு. அவன் வந்து காலரில் சுருக்கம் விழக் கூடாது என்று மூன்று தடவை சொன்னான். மெஷினில் போட்டுப் பார்த்தேன். நட்சத்திர வரிசை நீளமாகிவிட்டதால் காலர் நுனி நெளிகிறது. கையில்தான் தைக்க வேண்டும்.

எனக்கு அப்பாவின் கை வரவில்லை. உனக்கு வந்தது. கடையில் நடந்த சண்டையெல்லாம் அதற்காகத்தான், உனக்கும் தெரியும். விழாவுக்குப் போடுகிற சட்டையை மட்டும் அனுப்புகிறேன். மற்ற மூன்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வைரவன்


நஜ்மா
7 மார்ச் 2005

அண்ணே,

முடித்துவிட்டேன். புதுத்துணிக்குச் செய்கிறதையெல்லாம் செய்து, மடித்து, அதே மூட்டையில் வைத்திருக்கிறேன்.

தைக்க உட்கார்ந்தபோது பயமாக இருந்தது. ஒவ்வொரு நட்சத்திரமும் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. இந்தச் சின்ன நூல் துண்டுகள் மூன்றும் ஒரு வரிசையில் நின்றால் ஓர் அறை முழுக்க எழுந்து நிற்கும் என்று நினைத்தேன். கடைக்குச் சேலை கொடுக்க வருகிற அம்மாக்களிடம் அளவு கேட்கவே எனக்கு வாய் வராது. அந்த நான் இதைத் தைக்கிறேன்.

ஒரு பக்கத்துக் காலர் முடிந்ததும் மேல்மாடியில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு கை அசைத்தால் எங்கேயோ ஒரு கூரை விழுமோ என்று தோன்றியது. பிறகு மண் மேட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த பையனை நினைத்துக்கொண்டேன். அந்தப் பையனுக்காக மறுபக்கத்து மூன்றையும் தைத்தேன்.

விழாவில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். காலரை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.

தாமரை


லேபர் கேம்ப்
17 மார்ச் 2005

தாமரை,

இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு.

நீ காலரின் உள்மடிப்பில் மஞ்சள் வைத்தாயா? வைத்திருப்பாய். தீபாவளிக்கு என் சட்டைக்கு வைக்கிறது போலவே வைத்திருப்பாய். எனக்குத் தோன்றவே இல்லை. மூட்டை வந்ததும் காப்டன் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அங்கே போய் அவன் காலரை விரித்திருக்கிறான். காய்ந்த மஞ்சள் பொடியாக அவன் கையில் கொட்டியிருக்கிறது.

ஜெனரலின் கழுத்தில் படுகிற இடத்தில் மஞ்சள் பொடி. இவர்கள் ஊரில் கடித உறையில் விஷப்பொடி வந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதைச் சார்ஜென்ட் அம்மா பிறகுதான் எனக்குச் சொன்னார். கால்மணி நேரத்தில் முகமூடி போட்டவர்கள் வந்தார்கள். தையற்கடையைச் சுற்றி டேப் கட்டினார்கள். எங்கள் எல்லாரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையை ஏதோ தண்ணீரில் கழுவினார்கள். எங்கள் ஃபோர்மேன் சிவசங்கரன் சார் அழுதுவிட்டார். “வைரவா, என்னடா பண்ணித் தொலச்ச?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விழாவுக்கு ஜெனரல் பழைய சட்டையில், இரும்பு நட்சத்திரம் குத்திக்கொண்டு போனாராம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சட்டையைக் காட்டினார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. “சமையல் மஞ்சள் சார், எங்கள் வழக்கம் சார், நான்தான் வைத்தேன்” என்றேன். சோதித்துப் பார்த்து, மஞ்சள்தான் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கலாஸ், முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தக் காப்டன் தையலைப் பார்த்துவிட்டான். “இதே போல் என் முன்னால் தை” என்று ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்தான். தைத்தேன். அவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். என் தையல் கோணல்.

இப்போது மஞ்சள் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஜெனரலின் சட்டை யார் வீட்டுக்குப் போனது என்பதுதான் பிரச்சினை. அதைப் பார்த்து யாராவது இன்னொன்று தைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் என்று கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தளத்துக்குள் வருவதற்கான பாஸைப் பிடுங்கி, கம்பெனி என்னை ஊருக்கு அனுப்பிவிடும். மறுபடி இந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள்.

“தைத்தவருக்கு ஒரு கெடுதலும் வராது, இது என் வார்த்தை” என்று ஜெனரல் சொல்லி அனுப்பினாராம். பெரியவர்கள் வார்த்தை அவர்கள் இருக்கிற வரைக்கும்தான். அவர் அடுத்த வாரம் போய்விடுவார். பிறகு அப்பாவின் கடை, உன் விசா, ஒரு வயசுப் பெண்ணை சிப்பாய்கள் விசாரித்தார்கள் என்ற பேச்சு, இதெல்லாம் இங்கேயே இருக்கும்.

நான் சொல்ல மாட்டேன். நீயும் வாயைத் திறக்காதே. அப்பாவிடம் மூச்சுவிடாதே.

வைரவன்


நஜ்மா
19 மார்ச் 2005

அண்ணே,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

கடையில் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன?”

“அண்ணனுக்குப் பாஸ் போகப் போகுதுப்பா. ஊருக்கு அனுப்பிருவாங்களாம்.”

“எந்த அண்ணன்?”

“உங்க மகன்.”

கத்தரிக்கோல் நிற்கவில்லை. “போகட்டும். பட்டாத்தான் புத்தி வரும்.”

“தப்பு அவருது இல்ல. நான் தச்சேன். மஞ்ச வச்சது நான்.”

அப்போதுதான் கத்தரிக்கோல் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணே. மூட்டையை, நட்சத்திரத்தை, முகமூடியை. அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “மஞ்ச எங்க வச்ச?”

“காலர் உள்மடிப்புல.”

“அங்கதான வைக்கணும்” என்றார். வெட்டிய துணியை மடித்து வைத்துவிட்டு, “அத அவன் வச்சேன்னு சொன்னானாக்கும்? அவன் என்னைக்குப் புதுத்துணிக்கு மஞ்ச வச்சிருக்கான்? பொய் சொல்றதுக்கும் ஒரு கைவேல வேணும்” என்றார்.

பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, “காலர்ல சுருக்கம் விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லப்பா.”

“பெறகு எதுக்குப் பயப்படுற? மொகத்தக் கழுவிட்டு வா. அந்தப் பாயிக்குப் போன் போடு.”

நீங்கள் திட்டுவீர்கள். ஆனால் அவர் வார்த்தை கொடுத்திருக்கிறார், அண்ணே. எண்ணி முடித்த பிறகும் மண் மேட்டிலிருந்து எழுந்திருக்காதவர் கொடுத்த வார்த்தை. நான் அதை நம்புகிறேன். நாளைக் காலை பாயின் வண்டியில் நாங்கள் இருவரும் தளத்து வாசலுக்கு வருகிறோம். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது நாங்கள் வந்துவிட்டுப் போயிருப்போம்.

தாமரை


லேபர் கேம்ப்
23 மார்ச் 2005

தாமரை,

உன்னை நான்கு அறை அறைய வேண்டும். கையில் கிடைத்தால் அறைவேன்.

கேம்பில் என்னை ரூமை விட்டு வெளியே போகக் கூடாதென்று உட்கார வைத்திருந்தார்கள். பாய் வந்து, “ஒந் தங்கச்சி ஜெனரல் முன்னாடி தரையில சம்மணம் போட்டு ஒக்காந்துருக்கா, ஒங்கப்பா பக்கத்துல நிக்கிறாரு” என்று சொன்னபோது விளையாடுகிறார் என்று நினைத்தேன். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் பாய் சொல்லத் தொடங்குவார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பீடி பற்றவைப்பார். அதற்கு மேல் வரவில்லை. நீயே எழுது.

எனக்குத் தெரிந்தது முடிவு மட்டும்தான். பாஸ் போய்விட்டது. சட்டை வாசலைத் தாண்டியது தாண்டியதுதான், அதற்கு ஜெனரல் இரக்கம் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது என்றுதான் எனக்கே தோன்றுகிறது. ஆனால் என்னை ஊருக்கு அனுப்பக் கூடாது, வேறு வேலைக்குப் போக ரிலீஸ் பேப்பர் தர வேண்டும் என்று அவரே கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். சிவசங்கரன் சாருக்கும் மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. பாயின் வண்டிக்கு மட்டும் இனி உள்ளே இடமில்லை, கேம்புக்கு வரலாம். ஜெனரல் நேற்று விமானம் ஏறிவிட்டார். சொன்ன வார்த்தை அவர் போன பிறகும் நிற்கிறது. நான் சொன்னதுதான் தப்பு.

ரிலீஸை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? அப்பா என்னைக் காப்பாற்ற வந்தாரா, உன்னைத் தனியே விடக் கூடாது என்று வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிடாமல் நான் கடைக்கு வர மாட்டேன். அவர் கூப்பிட மாட்டார். அதனால் ஊருக்கே போகிறேன். இந்த மாதம் முடியட்டும், டிக்கெட் போட்டுவிடுவேன்.

வைரவன்


நஜ்மா
25 மார்ச் 2005

அண்ணே,

தைத்தது நான்தான் என்று வாசலில் பாய் சொன்னதும் எங்களை உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பெண் சிப்பாய் என்னைத் தடவிப் பார்த்து, தாவணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டாள். ஜெனரல் வந்ததும் ஒருவன் கத்தினான், நீங்கள் எழுதியது போலவே நாற்காலிகள் எல்லாம் பின்னால் போயின. பாயும் அப்பாவும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். அவர் அப்பா உயரம்தான். கண்ணாடி போட்டிருக்கிறார். யார் பேசினாலும் இடது காதைத் திருப்பித்தான் கேட்கிறார். இன்ஜின் சத்தத்திலேயே இருந்ததால் வலது காது போய்விட்டதாம், பாய் பிறகு சொன்னார். வலது கையில் ஒரு விரலுக்கு நகம் இல்லை. அண்ணே, நீங்கள் எழுதியதெல்லாம் அவர் சட்டையில் மட்டும் இல்லை, உடம்பிலும் இருக்கிறது. நான் நிமிர்ந்து பார்த்தது அவ்வளவுதான்.

நட்சத்திரம் தைக்காத புதுச் சட்டை ஒன்றைக் கொடுத்து, தைத்துக் காட்டச் சொன்னார்கள். கூடவே சாக்குத் தைக்கிற மாதிரி ஒரு தடித்த ஊசி. அப்பாதான், “இந்த ஊசியில தச்சா காலர் ஓட்டையாயிரும்னு சொல்லு பாய்” என்றார். பாய், “சார், திஸ் நீடில், காலர் கலாஸ்” என்றார். காப்டன் முகத்தைச் சுளித்தான். ஜெனரல் தன் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு, துணியில் சுருட்டிய ஒரு சின்னக் கட்டு எடுத்தார். உள்ளே நல்ல ஊசிகள், கறுப்பு நூல், மணல் நூல். அவரே விரித்துக் கொடுத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தைக்க வராது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் இரண்டு தையலைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். பிறகு அறையில் யாரும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

நடுவில் அவர் ஏதோ கேட்டார். “மஞ்ச வைக்கிறப்ப என்ன நெனச்சேன்னு கேக்குறாரு, புள்ள” என்றார் பாய்.

“போட்டுக்கிறவங்க நல்லபடியா திரும்பி வரணும்னு” என்றேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னேன், பாய்க்கே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பாய் இங்கிலீஷில் சொன்னதும் அவர் காதைத் திருப்பி, மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு பேசினார். தாய்லாந்தில் துணி துவைக்கிற ஒரு பெண், பைலட் எல்லார் மணிக்கட்டிலும் வெள்ளை நூல் கட்டிவிடுவாளாம். “திரும்பி வராதவர்கள் கையிலும் அந்த நூல் இருந்தது. ஆனாலும் மறுநாள் அவள் வந்து அடுத்தவருக்குக் கட்டினாள்” என்றார். உம் சலாம் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

அவர் எழுந்தபோது எல்லாரும் விறைத்தார்கள். நான் எழ வேண்டும் என்பதே மறந்து, உட்கார்ந்தபடியே நூலைக் கடித்தேன். காப்டன் எதையோ சொல்ல வந்தான். அவர் கையைக் காட்டி அடக்கிவிட்டு, நான் முடிக்கும்வரை நின்றார். சட்டையை வாங்கி, காலரை விரலால் தடவிப் பார்த்து, அப்பாவிடம் ஏதோ சொன்னார். “முந்தின சட்டைய நீங்க தச்சுக் குடுத்தீங்களான்னு கேக்குறாரு” என்றார் பாய். “இல்ல, எம் பொண்ணு. நான் பழக்குனேன்” என்றார் அப்பா. அதற்குப் பிறகுதான் ஜெனரல் உங்கள் விஷயத்தை, பாஸ் கிடையாது, ரிலீஸ் உண்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது வண்டி சிக்னலில் நின்றது. அப்பா, “மூணும் ஒரு கோட்டுல நின்னுச்சு” என்றார்.

இன்று உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும். அறை விழும் என்றுதான் நினைத்தேன். கடைசி வரியில், “ஊருல போயி என்னத்தக் கிழிக்கப் போறான்?” என்றார். உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார், உங்களுக்கே தெரியும். கடைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் சாவியை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நான் கீழே போய் விளக்கைப் போட்டேன். ஜன்னலோரத்தில் இருக்கும் உங்கள் மெஷின் மேல் அடுக்கியிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோத்தேன்.

தாமரை